ஸ்பேர் சாவியை யார் கொடுத்தது?

கௌதாரி:
நேத்து ஒருத்தர் எழுதியிருந்தார்: "இப்போ உள்ள பசங்களுக்கு லட்சியமும் நிக்காது, துணையும் நிக்காது. கம்பெனி மாறும்போது லேப்டாப் மாறுற மாதிரி ஜோடியையும் மாத்திக்கிறாங்க." கீழ வரிசையா கைதட்டல் வேற. படிச்சதுலேர்ந்து எரிச்சலா இருக்கு. எனக்கு ரொம்ப நெருக்கமான நாலு பேருக்கு நடந்ததைச் சொல்றேன். பேர் வேண்டாம்.

ரெண்டு ஜோடி. ஒரே வருஷம் கல்யாணம், ஒரே தெரு. முதல் வீட்டுல புருஷனுக்கு அனிமேஷன் வேலை கிடைச்சு வெளியூர் போனான். பொண்டாட்டி மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்குப் படிச்சுக்கிட்டு வீட்டுல. ரெண்டாவது வீட்டுல அவ சொந்தக் கம்பெனி ஆரம்பிச்சா, அவன் நாடகம் எழுதுறவன். கம்பெனிக்கு ஆபீஸ் எடுக்கக் காசில்ல, ஹால்தான் ஆபீஸ். அஞ்சு பேர், அஞ்சு லேப்டாப், கழிவறைக் கதவு வரைக்கும் அட்டைப்பெட்டி. நாடகக்காரனுக்கு உக்கார இடமில்ல. முதல் வீட்டு ஸ்பேர் சாவி அவன்கிட்ட இருந்தது, பகல்ல அங்க போய் எழுத ஆரம்பிச்சான். ஒரே மேசை. இந்தப் பக்கம் அவ புத்தகம், அந்தப் பக்கம் அவன் நோட்டு. ஏழு மாசம். அதே நேரம் ஊருக்குப் போனவன், ராத்திரி முழிச்சிருந்து கம்பெனிக்காரியோட வெப்சைட்டைச் சரி பண்ணிக் கொடுத்துக்கிட்டு இருந்தான். ரெண்டு பேருக்கும் ராத்திரி பதினோரு மணிக்குத்தான் பொழுது விடியும்.

ரெண்டு வருஷத்துல ரெண்டு விவாகரத்து, அப்புறம் மறுபடி ரெண்டு கல்யாணம். இதுல லேப்டாப் மாத்தினது எங்க வந்துச்சு?

சும்மாவந்தேன்:
தலைப்புல சாவின்னு பார்த்ததும், ஜோடி மாத்துற பார்ட்டியில கிண்ணத்துல சாவியைப் போட்டுக் கண்ணை மூடி எடுப்பாங்களே, அந்தக் கதையோன்னு ஓடி வந்தேன். ஏமாத்திட்டீங்க.

நேர்கோடு:
நீங்கள் குறிப்பிடும் அந்த 'ஒருத்தர்' நான்தான். பெயரைச் சொல்லவே பயமா? கதையை முழுசாகப் படித்தேன். முக்கியமான இடத்தை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். "சாவி அவன்கிட்ட இருந்தது." எப்படி இருந்தது? வானத்திலிருந்து விழுந்ததா? யார் கொடுத்தது?

கௌதாரி:
ஊருக்குப் போனவன்தான் கொடுத்தான் சார். அவசரத்துக்கு ஆகும்னு.

நேர்கோடு:
அவசரத்துக்கு. அதைத்தான் கேட்டேன். அவசரத்துக்குக் கொடுத்த சாவியை வைத்துக்கொண்டு தினமும் வந்து உட்கார்ந்து நாடகம் எழுதுவது எந்த அவசரம்? என் கணக்கில் விஷயம் அங்கேயே முடிந்துவிட்டது.

எழுத்தாணி:
ஒரு சின்னக் கேள்வி. "ஜோடி மாத்திக்கிறது"ன்னா என்ன? நாலு பேரும் உக்கார்ந்து பேசி மாத்திக்கிட்டதா, இல்ல தனித்தனியா முறிஞ்சு தனித்தனியா சேர்ந்ததா? இதைத் தீர்த்துட்டுப் பேசினா நல்லது.

இரண்டாம்ஷிஃப்ட்:
நேர்கோடு சார், நான் ராத்திரி வேலை பார்க்கிறவன். ஒரே நேரத்துல முழிச்சிருக்கிற ஆள்தான் மனசுக்குப் பக்கத்துல வருவான். வீட்டுல தூங்குற ஆள் மேல பாசம் குறையாது, ஆனா பேச்சு குறையும். இதை 1950-லேயே எழுதிட்டாங்க. ஃபெஸ்டிங்கர், ஷாக்டர், பேக்னு மூணு ஆராய்ச்சியாளர்கள், அமெரிக்காவுல இருக்கிற எம்ஐடி பல்கலைக்கழகத்துல கல்யாணமான மாணவர்களுக்குன்னு கட்டின குடியிருப்பை ஆராய்ந்தாங்க. யாருக்கு எந்த வீடுங்கிறது அவங்க கையில இல்ல. பக்கத்துக் கதவுக்காரங்கள்ல 41 சதவீதம் பேரை நெருங்கிய நண்பர்னு சொன்னாங்க. ரெண்டு கதவு தள்ளி 22. தாழ்வாரத்தோட அந்தக் கோடின்னா 10. குணம், கொள்கை எல்லாம் அப்புறம். முதல்ல தூரம்.

நேர்கோடு:
அந்தக் குடியிருப்பில் யாராவது யாருக்காவது ஸ்பேர் சாவி கொடுத்தார்களா?

இரண்டாம்ஷிஃப்ட்:
சார்...

நேர்கோடு:
கொடுக்கவில்லை அல்லவா. அது நட்பைப் பற்றிய ஆராய்ச்சி. பக்கத்து வீட்டுக்காரனோடு சிநேகமாக இருப்பதும் அவன் மனைவியோடு போவதும் ஒன்றா? 41 சதவீதம் பேர் ஜோடி மாற்றினார்கள் என்று எங்கே இருக்கிறது? எண்ணைக் காட்டி ஏமாற்றுவது இந்தத் தம்பிக்குப் பழக்கம். போன தடவை தூக்கம் பற்றிய விவாதத்திலும் இதையேதான் செய்தார்.

இரண்டாம்ஷிஃப்ட்:
அதுல உங்களுக்குத்தான் பதில் சொல்ல முடியல. பாதியில ஓடினது யாருன்னு எல்லாருக்கும் தெரியும்.

நேர்கோடு:
ஓடவில்லை. அன்று எனக்குக் கண் அறுவை சிகிச்சை. இதைப் பதினான்கு முறை சொல்லிவிட்டேன்.

சும்மாவந்தேன்:
பதினஞ்சு.

பனித்துளி:
நான் ஒரு பொண்ணா சொல்றேன். எல்லாரும் சாவியையே பிடிச்சுத் தொங்குறீங்க. அந்தப் பரீட்சைக்காரி ஏழு மாசம் தனியா கிடந்தாளே, அதை யாராவது கேட்டீங்களா? புருஷன் தினம் பத்து மணிக்கு போன் பண்ணியிருப்பான். முதல் மாசம் அரை மணி நேரம். மூணாவது மாசம் பத்து நிமிஷம். அப்புறம் "சாப்டியா", "ம்", "தூங்கு". எங்க வீட்டுலயும் அப்படித்தான் ஓடிச்சு. என்கிட்ட யாரும் சாவி வாங்கல, அவ்வளவுதான் வித்தியாசம்.

நேர்கோடு:
பார்த்தீர்களா, உங்களிடம் யாரும் சாவி வாங்கவில்லை. அதனால் குடும்பம் நிலைத்தது. என் வாதத்தை நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள் அம்மா. நன்றி.

பனித்துளி:
நான் எங்க சார் ஒப்புக்கிட்டேன்?

கௌதாரி:
அக்கா விடுங்க, அவருக்கு நீங்க எதைச் சொன்னாலும் அதுதான் காதுல விழும்.

நேர்கோடு:
இன்னொன்றும் சொல்கிறேன். வேலைக்காகப் பிரிவது இந்தத் தலைமுறை கண்டுபிடித்தது போலப் பேசுகிறீர்கள். பொருள்வயின் பிரிவு என்று நம் முன்னோர் தனியாகவே வகுத்து வைத்திருக்கிறார்கள். "வினையே ஆடவர்க்கு உயிரே." குறுந்தொகை. போனான், பொருள் தேடினான், திரும்பினான். அவள் காத்திருந்தாள். எந்த நாடகக்காரனும் மேசையின் அந்தப் பக்கம் வந்து உட்காரவில்லை.

புலவர்மகன்:
வணக்கம். தலையிட வேண்டாம் என்றுதான் இருந்தேன், இந்த வரியை இப்படி அறுத்து மாட்டினால் பொறுக்கவில்லை. அது 135-ஆம் பாட்டு, பாலை பாடிய பெருங்கடுங்கோ பாடியது. மொத்தமே நாலு அடி. தலைவியிடம் தோழி பேசுகிறாள். "ஆண்களுக்கு வேலைதான் உயிர், வீட்டில் இருக்கும் பெண்களுக்கு ஆண்கள்தான் உயிர் என்று நமக்குச் சொன்னதே அவர்தானே" என்கிறாள். கடைசி அடி: "அழாஅல் தோழி அழுங்குவர் செலவே." அழாதே, பயணத்தை நிறுத்திவிடுவார் என்று அர்த்தம். இதற்குச் செலவழுங்கல் என்றே பெயர். நீங்கள் வேலைக்குப் போனதற்குச் சாட்சியாகக் கொண்டுவந்த பாட்டில் அவன் போகவில்லை ஐயா.

சும்மாவந்தேன்:
அனிமேஷன் வேலையை ரிஜெக்ட் பண்ணிட்டான்.

நேர்கோடு:
முதல் அடி சரிதானே? "வினையே ஆடவர்க்கு உயிரே" என்று இருக்கிறதா இல்லையா?

புலவர்மகன்:
இருக்கிறது. ஆனால் அவன் சொன்னதை அவனுக்கே திருப்பிக் காட்டித் தோழி மடக்கும் இடம் அது.

நேர்கோடு:
இருக்கிறது என்று சொல்லிவிட்டீர்கள். போதும்.

கௌதாரி:
எனக்கு ரெண்டாவது அடியிலதான் சண்டை. மனையுறை மகளிர்க்கு ஆடவர் உயிராம். எங்க கதையில மனையில உறைஞ்சவ கையில மூணு கலர் ஹைலைட்டர் இருந்துச்சு. அவளுக்கும் வினைதான் உயிர். நாடகக்காரன் அவளுக்குப் பிடிச்சதே, படிக்கும்போது அவன் வாயைத் திறக்க மாட்டாங்கிறதாலதான். நேரம் ஆச்சுன்னா அவனே எழுந்து லைட்டைப் போட்டுட்டு மறுபடி உக்காருவான். "அந்த லைட் சுவிட்ச் சத்தம்தான் எனக்கு ஒரு நாளைக்குக் கிடைச்ச ஆறுதல்"னு என்கிட்ட சொன்னா. புருஷன் நல்லவன்தான், ஆனா போன்ல லைட் போட முடியாதே.

பனித்துளி:
இந்த லைட் விஷயம் அடிச்சுப் போட்டுடுச்சு.

நேர்கோடு:
வீட்டுக்குள் இருந்தால்தான் லைட் போட முடியும். வீட்டுக்குள் எப்படி வந்தான்? சாவி.

எழுத்தாணி:
மறுபடி கேக்குறேன், "மாத்திக்கிறது"ன்னா என்னன்னு யாராவது...

பழம்பேனா:
ஜெர்மன் எழுத்தாளர் கதே 1809-ல ஒரு நாவல் எழுதினார். அதுல எடுவார்ட், ஷார்லோட்னு ஒரு தம்பதி. வேலை இல்லாம தவிக்கிற நண்பன் ஒருத்தனை வீட்டோட வெச்சுக்கலாம்னு எடுவார்ட் பிடிவாதம் பிடிப்பான். அவன் ஒரு கேப்டன். அவ தயங்குவா, கடைசியில சம்மதிப்பா. அவ வளர்க்கிற ஒட்டிலிங்கிற பொண்ணும் வந்து சேருவா. அப்புறம் புருஷன் மனசு ஒட்டிலி பக்கம், பொண்டாட்டி மனசு கேப்டன் பக்கம். தலைப்பே வேதியியல்லேர்ந்து எடுத்தது: சேர்ந்திருக்கிற ரெண்டு பொருள், வேற ரெண்டைப் பார்த்ததும் பிரிஞ்சு புது ஜோடியா ஒட்டிக்கிற சமாச்சாரம். எல்லாம் அமில உப்புக் கணக்கு. "இப்போ உள்ள பசங்க"ன்னு தொடங்குறதுக்கு முன்னாடி இதையும் நினைச்சுப் பாருங்க. ஒரு குறிப்பு: அங்கயும் ஆளை வீட்டுக்குள்ள கூப்பிட்டது புருஷன்தான்.

நேர்கோடு:
அவர்கள் வேலை தேடி ஊர் ஊராக அலைந்தார்களா?

பழம்பேனா:
இல்ல, பண்ணை முதலாளிங்க. வேலை தேடினது கேப்டன் மட்டும்தான்.

நேர்கோடு:
அப்படியென்றால் பொருந்தாது. அந்தக் கதை நல்லபடியாக முடிந்ததா?

பழம்பேனா:
இல்ல. சாவுலதான் முடியுது.

நேர்கோடு:
நன்றி. நீங்களும் ஒப்புக்கொண்டுவிட்டீர்கள்.

இரண்டாம்ஷிஃப்ட்:
இந்தாளோட பேசுறதுக்குச் சுவர்ல முட்டிக்கலாம். கம்பெனிக்காரியும் ஊருக்குப் போனவனும் சேர்ந்தாங்களே, அங்க எந்தச் சாவி இருந்துச்சு? நூத்துக்கணக்கான மைல் தூரம். ஸ்க்ரீன்லதான் பார்த்துக்கிட்டாங்க. பதில் சொல்லுங்க.

நேர்கோடு:
தம்பி, நீங்களே உங்கள் வாயால் மாட்டிக்கொண்டீர்கள். "முதல்ல தூரம்" என்று எம்ஐடி, 41 என்று கரடி விட்டீர்கள். இப்போது தூரத்தில் இருந்தவர்களும் சேர்ந்தார்கள் என்கிறீர்கள். எது உண்மை?

இரண்டாம்ஷிஃப்ட்:
ஒரே நேரத்துல முழிச்சிருந்தாங்கன்னு முதல்லயே சொன்னேனே! நேரமும் ஒரு பக்கம்தான் சார்.

நேர்கோடு:
அந்த ஆராய்ச்சியில் நேரம் இருக்கிறதா?

சும்மாவந்தேன்:
நான் நியாயமா ஒண்ணு சொல்லட்டுமா, இந்த ஒரு ரவுண்டு நேர்கோடு சாருக்கு.

இரண்டாம்ஷிஃப்ட்:
நீ எந்தப் பக்கம்யா?

கௌதாரி:
சார், வெப்சைட் பாஸ்வேர்டு அவன்கிட்ட இருந்துச்சு. வேணும்னா அதைச் சாவின்னு வெச்சுக்கோங்க.

நேர்கோடு:
கேலி வேண்டாம். நேரடியாகக் கேட்கிறேன். அந்த வீட்டுக்கு மொத்தம் எத்தனை சாவி? ரெண்டா மூணா? ரெண்டு என்றால், ஊருக்குப் போனவன் தன் சாவியையே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். தன் வீட்டுக்குத் தானே வரமுடியாத நிலை. அப்போதே அவன் மனசு கிளம்பிவிட்டது என்று பொருள். மூணு என்றால் கதை வேறு.

பனித்துளி:
ஐயோ, இப்ப இவரும் அவன் மனசுக்குள்ள போயிட்டார்.

புலவர்மகன்:
நாலாம் அடியை இன்னும் ஒருமுறை படித்துப் பாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

நேர்கோடு:
படித்தேன். முதல் அடி முதல் அடிதான்.

எழுத்தாணி:
நான் கிளம்புறேன்.

கௌதாரி:
அந்த வீட்டைக் காலி பண்ணி மூணு வருஷம் ஆச்சு சார். பரீட்சைக்காரி இப்ப படிப்பை முடிச்சு வேலையில இருக்கா, நாடகக்காரன் இன்னும் எழுதிக்கிட்டு இருக்கான். கம்பெனி ஊத்திக்கிச்சு, ஆனா கம்பெனிக்காரியும் ஊருக்குப் போனவனும் சேர்ந்தே இருக்காங்க. போன மாசம் ஒரு பிறந்தநாளுக்கு நாலு பேரும் வந்தாங்க. கொஞ்சம் சங்கடமா நின்னாங்க, அப்புறம் பலூன் ஊதினாங்க. சாவியை வீட்டு ஓனர்கிட்ட திருப்பிக் கொடுத்தாச்சு. போதுமா?

நேர்கோடு:
எத்தனை சாவி திருப்பிக் கொடுத்தார்கள்?