ஒரு வட்டியும் ஒரு சதவீதமும்

பார்ம்டி (மருந்தாளுநர் படிப்பு) கடைசி வருட ப்ராஜெக்ட். முடக்குவாத நோயாளிகள் மருந்தின் அபாயத்தை எவ்வளவு புரிந்து வைத்திருக்கிறார்கள் என்று அளக்க வேண்டும். எண் புரிந்தால்தானே அபாயம் புரியும்? அதை அளக்க 1997-இல் அமெரிக்காவில் ஷ்வார்ட்ஸ், வோலோஷின் என்ற மருத்துவ ஆய்வாளர்களின் குழு கேட்ட மூன்று எண் கேள்விகளைத் தமிழாக்கி எடுத்துப் போனேன். காசை 1000 தடவை சுண்டினால் எத்தனை தடவை தலை விழும்? பரிசு வாய்ப்பு 1% என்றால் 1000 பேரில் எத்தனை பேருக்கு? 1000-இல் ஒருவருக்கு என்றால் எத்தனை சதவீதம்?

காய்கறி விற்கும் ஒரு அம்மா. முதல் கேள்விக்குப் பாதி என்றார். மற்ற இரண்டுக்கும் "சதவீதமெல்லாம் எனக்குத் தெரியாது சாமி". இரண்டு சுழி போட்டேன். வீங்கிய விரல்களை நீவிக்கொண்டே, பக்கத்தில் இருந்தவரிடம் வட்டிக்காரனைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்தார். ஏதோ தோன்றி, "ஒரு வட்டின்னா ஆயிரத்துக்கு எவ்வளவும்மா?" என்றேன்.

"பத்து ரூபா." கண் இமைக்கவில்லை.

அதே கணக்குதானே! சரி, ஆயிரத்துக்கு ஒரு ரூபாய் என்றால்?

"பத்து பைசா வட்டி. யாரு தர்றாங்க, சொல்லு, நானும் வாங்கிக்கிறேன்."

நடுவில் கேள்வியை மாற்றக்கூடாது என்றார் கைடு. நியாயம்தான். அறிக்கையில் அந்த அம்மாவுக்கு இன்னும் மூன்றுக்கு ஒன்றுதான்.

மறுமொழி:

என் அம்மாவுக்கும் முடக்குவாதம்தான். அதற்கான மருந்து மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒரே ஒரு நாள், மற்ற நாட்களில் அதன் பக்கவிளைவைக் குறைக்க ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின் மாத்திரை. முதல் நாள் டாக்டர், மருந்துக்கடைக்காரர், நான், மூன்று பேரும் "புரிஞ்சுதா?" என்று கேட்டோம். மூன்று பேருக்கும் தலையாட்டினார். கிளம்பும்போது நர்ஸ் ஒருவர்தான், "வீட்டுல கேட்டா எப்படிச் சொல்வீங்க? எனக்குச் சொல்லிக் காட்டுங்க" என்றார். அம்மா இரண்டு அட்டைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, "இது திங்கக்கிழமை. மத்த நாளெல்லாம் இது" என்றார். இரண்டுமே மஞ்சள் மாத்திரை, மாற்றிச் சொல்லிவிட்டார். அப்படியே தினமும் போட்டிருந்தால் வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து, உயிருக்கே ஆபத்தாகியிருக்கும். நர்ஸ் பேனாவை எடுத்து மெத்தோட்ரெக்சேட் அட்டையில் பெரிதாகத் 'தி' என்று எழுதிக் கொடுத்தார். இன்றைக்கும் புது அட்டை வந்தால் அம்மாவே எழுதிவிடுவார்.

மறுமொழி:

அந்த நர்ஸுக்கு ஒரு கும்பிடு. என் மூன்று கேள்விக்கு உங்க அம்மா எத்தனை வாங்குவார் என்று நினைக்கிறீர்கள்?

மறுமொழி:

மூன்றுக்கு மூன்று. ரிட்டயர்ட் கணக்கு டீச்சர்.