டீ ஆற்றில் வசந்தகால சால்மன்: பழகியவர்கள் உதவுங்கள்

வணக்கம். மார்ச் கடைசி வாரம் நானும் நண்பனும் ஸ்காட்லாந்தின் டீ ஆற்றுக்கு சால்மன் பிடிக்கப் போகிறோம். அவன் பல வருடம் பழகியவன். எனக்கு ஃபிளை தூண்டில் (கொக்கியில் முடி, இறகு கட்டிய செயற்கை இரையான ஃபிளையை வீசி மீன் பிடிப்பது) இதுவே முதல் முறை. 15 அடித் தடியை இரண்டு கைகளாலும் வீசிப் பழகுகிறேன். நேற்றும் நூல் பின்னால் இருந்த புல்லில் சிக்கிக்கொண்டது.

குளிர்ந்த நீரில் மீன் அடியிலேயே கிடக்கும், மூழ்கும் நூல்தான் சரி என்கிறான் நண்பன். கறுப்பும் மஞ்சளுமாக முடி வைத்து, பித்தளைக் குழலில் ஒரு ஃபிளையும் கட்டித் தந்திருக்கிறான். நீர் எவ்வளவு சூடானதும் மிதக்கும் நூலுக்கு மாறலாம்?

என் பெரிய கவலை வேறு. ஏப்ரல் 1-க்கு முன் பிடிபடும் சால்மனை ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். ஆற்றுக்குள் வந்தபின் சால்மன் இரை தின்பதில்லை. கடலில் சேர்த்த கொழுப்பை வைத்தே இலையுதிர்காலத்தில் முட்டையிடும்வரை தாக்குப்பிடிக்க வேண்டும். அப்படிப்பட்ட மீன் என் கையில் சாகக் கூடாது. கொக்கி எளிதில் கழலட்டும் என்று அதன் எதிர்முள்ளை (மீன் நழுவாமல் தடுக்கும் சிறு முள்ளை) இடுக்கியால் நசுக்கிவிட்டேன். வலைக்குள் வந்த மீனை நீரைவிட்டுத் தூக்காமல் எங்கே பிடிப்பது? தானாக நீந்திப் போகும்வரை எப்படித் தாங்கிக்கொள்வது? கையால் செய்து பார்த்தவர்கள் விரிவாக எழுதுங்கள்.