“எனக்கு என்ன திறமைம்மா?” – படப்புத்தகங்கள் மேல் ஒரு புகார்

ஈசூன் அம்மா:
மகள் தொடக்கநிலை 1. போன வாரம் நூலகத்திலிருந்து ஐந்து படப்புத்தகம் எடுத்து வந்தோம். அதில் மூன்று ஒரே கதை. ஒன்றில் சிறுமி, ஒன்றில் ஆமை, ஒன்றில் குட்டி யானை, அவ்வளவுதான் வித்தியாசம். “எனக்கு ஒண்ணும் வராது” என்று மூலையில் உட்காரும், ஒரு பெரியவர் தட்டிக்கொடுப்பார், கடைசிப் பக்கத்தில் ஊரே கைதட்டும். மூன்றாவதை மூடியதும் பிள்ளை கேட்டாள்: “எனக்கு என்ன திறமைம்மா? இன்னும் கண்டுபிடிக்கலையே!” அழுகை வேறு. அதுவரை அவள் பாட்டுக்குக் கிறுக்கிக்கொண்டு சந்தோஷமாகத்தான் இருந்தாள். திறமை என்ன சோபாவுக்கு அடியில் போன சாவியா, தேடிக் கண்டுபிடிக்க? “சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்” என்று ஔவை சொன்னது போதாதா? இந்த வகைப் புத்தகம் இனி எங்கள் வீட்டுக்கு வராது.

தேக்கா தம்பி:
அக்கா, கண்டுபிடிச்சாலும் நிம்மதி இல்ல. நம்ம சிங்கப்பூர்ல திறமை தெரிஞ்ச மறுநாளே அதுக்கு ஒரு வகுப்பு, அப்புறம் அந்தத் திறமையைக் காட்டி உயர்நிலைப்பள்ளியில இடம் வாங்குற நேரடிப் பள்ளிச் சேர்க்கைக்கு ஒரு கோப்பு. என் அண்ணன் மகன் நல்லா வரைவான். இப்ப அவன் வரையிற ஒவ்வொரு படத்துக்கும் பின்னாடி தேதி போட்டு பிளாஸ்டிக் உறையில வைக்கிறாங்க. பையன் பென்சிலைத் தொடவே யோசிக்கிறான்.

கோடு கிறுக்கி:
நான் படம் வரைந்து பிழைப்பவள், அதனால் கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா சொல்லும் மோசமான புத்தகங்கள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் இந்த வகையையே ஒதுக்குவது அநியாயம். பீட்டர் ரெனால்ட்ஸின் ‘தி டாட்’ (புள்ளி) என்ற படப்புத்தகம் 2003-இல் வந்தது. ஓவிய வகுப்பு முடிந்தும் வெற்றுத்தாளோடு உட்கார்ந்திருக்கும் சிறுமி, கோபத்தில் ஒரே ஒரு புள்ளி குத்துகிறாள். ஆசிரியை கையெழுத்துப் போடச் சொல்கிறார். அடுத்த வாரம் அந்தப் புள்ளி தங்கநிறச் சட்டத்தில் தொங்குகிறது. அதைப் பார்த்து அவள் “ஆகா, நான் ஓவியர்” என்று நினைப்பதில்லை. “இதைவிட நல்ல புள்ளி என்னால் போட முடியும்” என்று நினைக்கிறாள். அப்புறம் பக்கம் பக்கமாகப் புள்ளிதான்: மஞ்சள், பச்சை, சிவப்பு, நீலம், பெரிது, சிறிது. கைப்பழக்கம் என்பது வேறு என்ன? படப்புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம், அச்சுத்தாளை மடித்து வெட்டினால் வரும் கணக்கு அது. பத்து வருடப் பயிற்சியை அதில் எப்படிக் காட்டுவது? நாலு பக்கத்தில் நாற்பது புள்ளி, அவ்வளவுதான் முடியும்.

ஈசூன் அம்மா:
சரி, அந்தப் புத்தகமும் எங்கள் ஐந்தில் இருக்கிறது, இன்னும் வாசிக்கவில்லை. ஆனால் நீங்கள் சொன்னதிலேயே பாருங்கள்: சட்டம் மாட்டியது ஆசிரியை. கடைசியில் கண்காட்சி உண்டா இல்லையா?

கோடு கிறுக்கி:
உண்டு. :)

ஈசூன் அம்மா:
அதைத்தான் சொல்கிறேன். யாரும் சட்டம் மாட்டாத பிள்ளைக்கு அந்தக் கதை என்ன சொல்கிறது?

பழைய சாக்பீஸ்:
இருவரும் ஔவையின் வெண்பாவைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். முழுசாகப் படியுங்கள்: “வைத்ததொரு கல்வி மனப்பழக்கம்; நித்தம் நடையும் நடைப்பழக்கம்; நட்பும் தயையும் கொடையும் பிறவிக் குணம்.” ஓவியம் பழக்கத்தால் வரும், தயவுதான் கூடப் பிறந்தது. நம் புத்தகங்கள் இதைத் தலைகீழாக்கி, ஓவியத்தை உள்ளே ஒளித்து வைத்துவிட்டு, அன்பைப் பாடமாக நடத்துகின்றன.

சென்னை தாரா புக்ஸ் 2004-இல் வெளியிட்ட ‘தி லண்டன் ஜங்கிள் புக்’ பாருங்கள். வரைந்தவர் மத்திய இந்தியாவின் கோண்டுப் பழங்குடி ஓவியர் பஜ்ஜு ஷ்யாம். போபாலில் இரவுக் காவலாளியாகவும் மின்வேலைக்காரராகவும் இருந்தவர். உறவினரும் ஓவியருமான ஜங்கட் சிங் ஷ்யாம் அவரைத் தம்மோடு சேர்த்துக்கொண்டு தம் ஓவியங்களில் வேலை செய்ய வைத்தார். 2018-இல் பத்மஸ்ரீ. அவர் தம்மைக் ‘கண்டுபிடித்தார்’ என்றா சொல்வது? இன்னொருவர் படத்தில் கைபழகி வந்தவர், ஐயா.

கோடு கிறுக்கி:
ஆசிரியர் ஐயா, அப்படியானால் சேர்த்துக்கொள்ள ஒரு ஜங்கட் வேண்டுமே! ‘தி டாட்’ கதையில் வரும் ஓவிய ஆசிரியையும் அந்த வேலையைத்தானே செய்கிறார்? நீங்கள் எனக்குத்தான் சாட்சி சொல்லியிருக்கிறீர்கள்.

பழைய சாக்பீஸ்:
ஹ்ம். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கண்காட்சி வேண்டாம்.

தேக்கா தம்பி:
புள்ளின்னதும் எனக்கு எங்க ஆயாதான் ஞாபகம். வீவக அடுக்குமாடி வீட்டு வாசல்ல, தாழ்வாரத்துல, தினம் காலையில புள்ளி வச்சுக் கோலம் போடும். பக்கத்து வீட்டுச் சீன அங்கிள் சைக்கிளைத் தள்ளிக்கிட்டுப் போனா பாதி அழிஞ்சிரும். மறுநாள் வேற கோலம். சட்டமும் இல்ல, கையெழுத்தும் இல்ல. ஆயாகிட்ட “உங்களுக்கு நல்ல திறமை”ன்னு யாராவது சொல்லியிருந்தா “போடா, வேலையைப் பாரு”ன்னு சொல்லியிருக்கும்.

ஈசூன் அம்மா:
இதை ஒரு படப்புத்தகமாகப் போட்டால் நான் முதல் ஆளாக வாங்குவேன். கிறுக்கி, கேட்குதா?

கோடு கிறுக்கி:
கேட்குது. ஆனால் கடைசிப் பக்கத்தில் கோலம் அழிந்து போகும், பதிப்பாளர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

ஈசூன் அம்மா:
நேற்று ராத்திரி அந்தப் புள்ளிப் புத்தகத்தை வாசித்தோம். அழவில்லை. ரொம்ப அமைதியாக இருந்தாள், அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். காலையில் பார்த்தால் நூலகப் புத்தகத்தின் உள்ளட்டையில் ஊதா மார்க்கரால் ஒரு பெரிய புள்ளி. கீழே தமிழில் கையெழுத்து, ‘ழ’ கூடச் சரியாக எழுதியிருக்கிறாள். 21 நாள் தவணையில் இன்னும் நாலு நாள் பாக்கி. இப்ப என்ன செய்ய?

தேக்கா தம்பி:
திருப்பிப் போடுற பெட்டியில போட்டுட்டு ஓடிடாதீங்க அக்கா. உள்ள போய் ஊழியர்கிட்ட நேராச் சொல்லுங்க. பிள்ளையையும் கூட்டிக்கிட்டுப் போங்க.

கோடு கிறுக்கி:
கொடுப்பதற்கு முன்னால் அந்தப் பக்கத்தை ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள்.