கார் முகவர் மென்பொருளைப் புதுப்பித்த பிறகு இன்ஜின் தடுமாறுகிறது: சென்சாரை மாற்ற வேண்டுமா?

செங்காங்வாசி:

வணக்கம். என்னுடையது 2 லிட்டர் டர்போ பெட்ரோல் கார். பதிவாகி ஆறாண்டுகள் ஆகின்றன. ஈராண்டுகளுக்கு முன் சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் ஒரு பணிமனையில், இன்ஜினுக்குக் காற்று செல்லும் 70 மில்லிமீட்டர் குழாயை எடுத்துவிட்டு 76 மில்லிமீட்டர் குழாயைப் பொருத்தினார்கள். உள்ளே போகும் காற்றை அளக்க காரில் இருந்த ஏர்ஃப்ளோ சென்சாரையே அதில் மாட்டி, 98 ஆக்டேன் பெட்ரோலுக்கு ஏற்றவாறு இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியுவையும் டியூன் செய்து கொடுத்தார்கள். அன்று முதல் வண்டியில் ஒரு குறையும் இல்லை.

இரண்டு வாரங்களுக்கு முன் வழக்கமான சர்வீஸுக்காக முகவரிடம் விட்டேன். தயாரிப்பாளர் அனுப்பிய புதிய மென்பொருளை இசியுவில் ஏற்றியதாக ரசீதில் ஒரு வரி இருந்தது. முன்கூட்டி என்னை யாரும் கேட்கவில்லை. வெளியே வந்து முதல் சிவப்பு விளக்கில் நின்றதுமே ஐடிலிங் (வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகம்) நிமிடத்துக்கு 500 சுற்றுக்கும் 1,100 சுற்றுக்கும் இடையே ஏறி இறங்கி, இன்ஜின் அணைந்துவிட்டது. மூன்று நாள் ஓட்டிய பின் தடுமாற்றம் ஓரளவு தணிந்தது. ஆனால் மறுநாளே இன்ஜின் விளக்கு எரிந்தது, இன்ஜின் பிழைகளைப் படிக்கும் என் ஓபிடி கருவி பி0171 (கலவையில் பெட்ரோல் குறைவு) என்று காட்டியது. நீண்டகால ஃபியூல் ட்ரிம், அதாவது இசியு தானாகச் செய்யும் பெட்ரோல் திருத்தம், ஐடிலிங்கில் கூட்டல் 17 விழுக்காடு, தீவு விரைவுச்சாலையில் சீராக ஓட்டும்போது கூட்டல் 18 விழுக்காடு. ஏர்ஃப்ளோ சென்சார் பழுது என்று கூறும் முகவர், அதை மாற்ற 480 வெள்ளி கேட்கிறார். மாற்றலாமா?

ஈசூன்காரன்:

கடைசியாக எங்கே பெட்ரோல் நிரப்பினீர்கள்? எல்லை தாண்டி ஜொகூரில் நம் கார்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது 97 ஆக்டேன்தான். 98க்கு டியூன் செய்த இன்ஜினுக்கு அது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கலாம். ஸ்பார்க் பிளக்குகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சின்மிங் ஸ்பேனர்:

ஈசூன்காரன் சொல்வது வேறு நோய். ஆக்டேன் குறைந்தால் பாரம் ஏறும்போது இன்ஜின் தட்டும். ஐடிலிங்கில் அணையாது, ட்ரிம்மும் 18க்குப் போகாது.

செங்காங்வாசி, சென்சாருக்குப் பணம் கட்டாதீர்கள். உங்கள் காரில் செய்த மாற்றத்தில் பாதி குழாய், மறுபாதி மென்பொருள். முகவர் அந்த மறுபாதியை அழித்துவிட்டு, குழாயை மட்டும் விட்டுவைத்திருக்கிறார். ஏர்ஃப்ளோ சென்சார் குழாயில் செல்லும் காற்று முழுவதையும் எடைபோடுவதில்லை. தன்னைத் தொட்டுச் செல்லும் காற்றோட்டத்தை மட்டும் அளந்து, குழாயின் விட்டம் இன்னது என்ற கணக்கை வைத்து மொத்தத்தை ஊகிக்கிறது. 76ஐ 70ஆல் வகுத்து அதன் வர்க்கத்தை எடுத்தால் ஏறத்தாழ 1.18 வரும். அதாவது உங்கள் புதிய குழாயின் குறுக்குப் பரப்பு 18 விழுக்காடு அதிகம். அதே அளவு காற்று அகன்ற குழாயில் மெதுவாகச் செல்வதால் சென்சார் 15 விழுக்காடு குறைத்துச் சொல்கிறது, இசியுவும் அதை நம்பிப் பெட்ரோலைக் குறைக்கிறது. வெளியேறும் புகையைச் சோதிக்கும் ஆக்சிஜன் சென்சார் குறையைக் கண்டுபிடித்து ஈடுகட்டச் சொல்லும்போது தேவைப்படும் கூடுதல் எவ்வளவு? அதே 18. உங்கள் கருவியும் அதைத்தான் காட்டுகிறது. பழைய டியூனில் சென்சாரின் அளவுகோலையே திருத்தியிருப்பார்கள். அதனால்தான் ஈராண்டு காலம் நிம்மதியாக ஓட்டினீர்கள்.

முதல் நாள் மோசமாக இருந்து பிறகு தணிந்ததற்கும் இதுவே காரணம். மென்பொருளை ஏற்றும்போது இசியு கற்றுவைத்திருந்த ட்ரிம்கள் சுழியத்துக்குத் திரும்பிவிடும். ஓட்ட ஓட்ட மறுபடியும் கற்றுக்கொள்ளும். எங்கேயாவது ரப்பர் குழாய் கழன்று காற்று கசிந்தால் ட்ரிம் ஐடிலிங்கில் மிக உயர்ந்து, வேகம் கூடும்போது இறங்கும். பெட்ரோல் பம்ப் தளர்ந்திருந்தால் தலைகீழாக, பாரம் ஏறும்போது உயரும். உங்களுக்கு இரண்டு இடத்திலும் கிட்டத்தட்ட ஒரே எண். அளவுகோல் பிழையின் கையொப்பம் அது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: சரிசெய்யும் வரை ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதிக்காதீர்கள். காற்று குறைவென்று எண்ணும் இசியு, பாரமும் குறைவென்று எண்ணி, இக்னிஷனை முன்தள்ளும், அதாவது தீப்பொறியைச் சற்று முன்கூட்டியே விடும். டர்போ அழுத்தத்தில் பெட்ரோல் குறைந்த கலவையும் முன்தள்ளிய தீப்பொறியும் சேர்ந்தால் பிஸ்டன் தாங்காது.

அசல் குழாய் இருந்தால் அதை மாட்டி, மூன்று நான்கு நாள் ஓட்டிப் பார்த்து எழுதுங்கள்.

நான்கு உருளை:

முகவர் மேல் முழுப் பழியையும் போட முடியாது. அவரிடம் இருக்கும் கருவி, பழைய பதிப்பா என்று மட்டும் பார்த்துப் புதியதை ஏற்றிவிடும். காரை விடும்போதே "இசியுவில் கை வைக்க வேண்டாம்" என்று வேலைத்தாளில் எழுதச் செய்வது நம் பொறுப்பு. ஆனால் சென்சாரைச் சோதிக்காமல் மாற்றச் சொன்னது தவறுதான். உத்தரவாதம் இன்னும் இருக்கும் கார்களுக்கு வேறொரு சிக்கலும் உண்டு: வோல்க்ஸ்வாகன், ஆடி போன்றவற்றில் டியூன் செய்த இசியு கண்டறியப்பட்டால் டிடி1 என்ற குறி அந்தக் காரின் பதிவில் ஏறிவிடும். அப்புறம் இன்ஜின் தொடர்பான உத்தரவாதத்துக்கு மல்லுக்கட்ட வேண்டியதுதான். நிலப் போக்குவரத்து ஆணையமும் மாற்றங்களை அனுமதி தேவைப்படாதவை, தேவைப்படுபவை, அறவே கூடாதவை என்று மூன்றாகப் பிரித்திருக்கிறது. உங்களுடையது எதில் சேரும் என்று வாகனப் பரிசோதனைக்குப் போகும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

செங்காங்வாசி:

நன்றி. வீட்டில் சாமான் அறையாகிவிட்ட பாம் ஷெல்டரில் கிடந்த அசல் குழாயைத் தேடி எடுத்து (எறிந்துவிடச் சொன்ன மனைவியின் பேச்சைக் கேட்காதது நல்லதாயிற்று) சனிக்கிழமை மாட்டினேன். நான்கு நாளில் ட்ரிம் கூட்டல் 3க்கு இறங்கியது, ஐடிலிங் 750இல் நிற்கிறது, பி0171 பிழைக்குறியை அழித்த பின் விளக்கு மீண்டும் எரியவில்லை. டியூன் செய்த பணிமனையில் கேட்டபோது, ஈராண்டுக்கு முந்தைய டியூன் கோப்பு அவர்களிடமே இருப்பதாகவும் அரை மணி நேரத்தில் ஏற்றித் தருவதாகவும் சொல்கிறார்கள். போகலாம் அல்லவா?

சின்மிங் ஸ்பேனர்:

பொறுங்கள். அந்தக் கோப்பு பழைய பதிப்பின் மேல் எழுதப்பட்டது, முகவர் ஏற்றிய புதிய பதிப்போடு பொருந்தாமல் போகலாம். ஓபிடி கருவியில் வாகனத் தகவல் பக்கத்தைத் திறந்தால் மென்பொருள் எந்தப் பதிப்பு என்று சொல்லும் கேலிப்ரேஷன் எண் தெரியும்; அதைக் குறித்துக்கொண்டு, பழைய டியூன் ரசீதில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். வேறுபட்டால், இப்போதுள்ள மென்பொருளை முதலில் படித்து எடுத்து, அதன் மேல் புதிதாக டியூன் செய்து, சாலையில் ட்ரிம்மைப் பதிவுசெய்து காட்டச் சொல்லுங்கள். அரை மணி நேரத்தில் முடிகிற வேலையில்லை அது; அரை நாளாவது ஆகும். 76 மில்லிமீட்டர் குழாயை அங்கே போன பிறகு மாட்டுங்கள், வீட்டிலிருந்தே மாட்டிக்கொண்டு போகாதீர்கள்.