ஆன்டிபாடியும் கீமோவும் சேர்ந்த சிகிச்சை: நீலகிரிக் குடும்பங்களின் அனுபவங்கள்

கோத்தகிரி அண்ணன்:

என் தம்பிக்கு வந்திருப்பது பி செல் என்ற வெள்ளை அணு வகையைச் சேர்ந்த ஏ.எல்.எல். என்னும் இரத்தப் புற்றுநோய் என்று கோவையில் உறுதியானபோது, கீமோவுடன் ரிட்டுக்சிமாப் என்ற, புற்றணுவைக் குறிவைத்துப் பற்றும் ஆன்டிபாடி மருந்தையும் சேர்த்துக் கொடுக்கலாம் என்றார் மருத்துவர். குழந்தைகளில் பெரும்பாலோருக்குக் குணமாகிவிடும் இந்த நோய், பெரியவர்களுக்கு வந்தால் முதலில் கீமோவுக்கு அடங்கினாலும் பலருக்குத் திரும்பி வந்துவிடுகிறதாம். புற்றணுக்களின் மேற்பரப்பில் சிடி20 என்ற புரதம் இருந்தால்தான் இம்மருந்து அவற்றைப் பற்றும். தம்பியின் எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையில் அது இருந்தது.

இதற்கு ஆதாரம் உண்டா என்று கேட்டேன். பிரெஞ்சு மருத்துவர்கள் முன்னின்று நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வை அவர் பொறுமையாக விளக்கினார். 18 முதல் 59 வயது வரையிலான 209 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்குக் கீமோ மட்டும், மறு பாதிக்கு அதனுடன் ரிட்டுக்சிமாப் என்று கொடுத்திருக்கிறார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, நோய் திரும்பாமல் உயிருடன் இருந்தவர்கள் கீமோ பிரிவில் ஏறத்தாழ 52 சதவீதம், சேர்க்கைப் பிரிவில் 65 சதவீதம். அங்கே கொடுத்தது 16 முதல் 18 தவணை. நான்கே தவணை கொடுத்த பிரிட்டன் ஆய்வில் இவ்வளவு தெளிவான பலன் தெரியவில்லை. எனவே, மருந்தைச் சேர்ப்பார்களா என்பதோடு நின்றுவிடாமல், எத்தனை தவணை என்றும் கேட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து. செலவுக் கணக்கும் அதைப் பொறுத்ததுதான்.

முதல் தவணைக்கு முன் ஹெபடைடிஸ் பி பரிசோதனை செய்தார்கள். உடலில் அடங்கியிருக்கும் அந்தக் கிருமியை இம்மருந்து கிளப்பிவிடக்கூடும். மருந்தை மிக மெதுவாக ஏற்றத் தொடங்கியும், சிறிது நேரத்தில் கட்டில் அதிரும் அளவுக்குத் தம்பிக்குக் குளிர் நடுக்கம் வந்துவிட்டது. செவிலியர் உடனே ஏற்றுவதை நிறுத்தி, ஊசி போட்டு, நடுக்கம் அடங்கியபின் பாதி வேகத்தில் மீண்டும் தொடங்கினார். அடுத்த தவணைகளில் அப்படி நேரவில்லை. அவனை அதிகம் வாட்டியது கீமோவில் இருந்த வின்கிறிஸ்டின்தான். நம் ஊரில் வேலியோரம் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கும் அந்த மருந்தால் விரல் நுனிகள் மரத்துப்போய், ஸ்வெட்டர் பொத்தானைப் போடவே அவன் சிரமப்பட்டான். கொழுந்து கிள்ளுவதைப் பற்றிப் பேச்சே இல்லை.

குன்னூர் மருமகள்:

அண்ணா, என் மாமனார் இத்தகைய சேர்க்கை மருந்து ஆய்வு ஒன்றில் பங்கேற்றார். "சோதனை எலியாக அனுப்புகிறீர்களா?" என்று உறவினர்கள் கேட்டதில் அவர் கையெழுத்துப் போடவே தயங்கினார். வழக்கமான கீமோ இரு பிரிவினருக்கும் உண்டு, எந்தப் பிரிவு என்பதைக் கணினி முடிவு செய்யும், எப்போது வேண்டுமானாலும் விலகலாம், ஆய்வால் பாதிப்பு நேர்ந்தால் சிகிச்சை இலவசம் என்பவை தமிழ்ப் படிவத்திலேயே இருந்தன. அவருக்குக் கீமோ மட்டும் என்று வந்தபோது எங்களுக்கு ஏமாற்றமாக இருந்தது உண்மைதான். ஆனால் புது மருந்து சேர்ந்தால் நல்லதுதான் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் ஆய்வே தேவைப்பட்டிருக்காது. ஏ.எம்.எல். என்னும் இன்னொரு வகை இரத்தப் புற்றுநோய்க்கான ஜெம்டுசுமாப் என்ற ஆன்டிபாடி மருந்து அமெரிக்காவில் 2000இல் அனுமதி பெற்று, 2010இல் திரும்பப் பெறப்பட்டு, அளவைக் குறைத்துப் பிரித்துக் கொடுக்கும் முறையில் 2017இல் மீண்டும் அனுமதி பெற்றதாக அங்கிருந்த மருத்துவர் சொன்னார். தவணையைப் பற்றி நீங்கள் சொன்னது இதற்கும் பொருந்துகிறது.

மஞ்சூர்:

நான் சொல்ல நினைப்பது காய்ச்சலைப் பற்றி மட்டும். கீமோவுக்குப் பின் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் 100.4 டிகிரியைத் தொட்டாலே மருத்துவமனைக்குப் போக வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இரவில் யானை நடமாட்டமும் மழையில் மண்சரிவும் உள்ள பாதை நம்முடையது. ஆகையால் அந்த நாட்களில் நாங்கள் அம்மாவை மேட்டுப்பாளையத்தில் சித்தி வீட்டிலேயே தங்க வைத்தோம். அப்படி வசதி இல்லாதவர்கள், காய்ச்சல் வந்தால் முதல் ஆன்டிபயாடிக் ஊசியை ஊட்டியிலோ குன்னூரிலோ போட்டுக்கொள்ள முடியுமா என்று கேட்டு, அதற்கான கடிதத்தைக் கோவை மருத்துவரிடம் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.