வீனஸ் ஃப்ளைட்ராப் பொறிகள் கறுக்குது, திருகோணமலையில சேற்றுப் பாத்தி வைச்சிருக்கிற ஆக்கள் உதவுங்கோ

உவர்மலைத் தோட்டம்:
வணக்கம். மாசி மாசம் நாலு வீனஸ் ஃப்ளைட்ராப்பும் (பொறி மாதிரி மூடுற இலையால பூச்சி பிடிக்கிற செடி) இரண்டு சண்டியூவும் (ஒட்டுற இலையால பூச்சி பிடிக்கிறது) வாங்கினன். வீட்டுக்குப் பின்னால ஒன்றரை அடி ஆழத்துக்குக் கிடங்கு வெட்டி, பொலித்தீன் விரிச்சு, தும்புத்தூளும் ஆத்து மணலும் அரைவாசிக்கு அரைவாசி கலந்து நட்டன். சித்திரை மட்டும் வடிவா நிண்டது. கச்சான் காத்து துவங்கின பிறகு புதுப் பொறி ஒண்டும் முழுசா விரியேல்ல, நுனியில இருந்து கறுத்துக்கொண்டு வருது. காலமையும் பின்னேரமும் தண்ணி விடுறன். பசியாக்கும் எண்டு மகள் சின்ன இறைச்சித் துண்டுகளும் வைச்சவ. அவ பள்ளிக்கூடத்தால வந்த உடன முதல் ஓடிப்போய்ப் பாக்கிறது இதைத்தான். எப்பிடியாவது காப்பாத்த வேணும்.

நிலாவெளி:
வெயில் கூடிப்போச்சு போல. நிழல் வலை கட்டிப் பாருங்கோ அண்ணா.

மூதூர் அக்கா:
வெயிலைக் குறைக்க முதல் ஒண்டு சொல்லுங்கோ தம்பி. என்ன தண்ணி விடுறீங்கள்? தும்புத்தூளைக் கழுவினீங்களோ? மண்ணுக்கு மேல வெள்ளையா ஏதும் படிஞ்சிருக்கோ?

உவர்மலைத் தோட்டம்:
கிணத்துத் தண்ணி அக்கா. தும்புத்தூள் கட்டியை ஊறவைச்சு அப்பிடியே போட்டன், கழுவேல்ல. ஓரத்தில வெள்ளைப் பொருக்கு இருக்கு. பசளை வெளியில வந்திருக்கு எண்டு நினைச்சன்.

மூதூர் அக்கா:
அது உப்பு. உங்கட செடிக்கு வருத்தம் அதுதான்.

இந்தச் செடியின்ர சொந்த இடம் அமெரிக்காவில வட கரோலைனா, தென் கரோலைனாக் கரையோரச் சதுப்பு, வில்மிங்டன் நகரைச் சுத்தி ஏறத்தாழ 100 கிலோமீற்றருக்குள்ள. மண்ணில சத்தே இல்லாத இடம். அதாலதான் பூச்சி பிடிச்சு நைதரசன் எடுக்குது. அந்த வேருக்கு உப்பும் சுண்ணாம்பும் தாங்காது. கரைஞ்ச உப்பு 50 பிபிஎம்முக்குக் (லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு) கீழ இருக்கிற தண்ணிதான் நல்லம். எங்கட கரையோரக் கிணறுகள் அந்தக் கணக்குக்குக் கிட்டவும் வராது. கச்சான் காலத்தில தண்ணி ஆவியாப் போக உப்பு மட்டும் பாத்திக்குள்ள நிக்கும். அடியில பொலித்தீன் இருக்கிறதால வெளியேறவும் வழியில்லை. நீங்கள் கூடத் தண்ணி விட விட, கூட உப்புத்தான் சேரும்.

நம்பிக்கை வராட்டி ஒரு சில்வர் தட்டில இரண்டு கரண்டி கிணத்துத் தண்ணியை வெயிலில வையுங்கோ. காய்ஞ்ச பிறகு வெள்ளை வளையம் நிண்டால் விளங்கும்.

செடிகளைக் கிளப்பி, வேரை மழைத்தண்ணியில மெல்லக் கழுவுங்கோ. பழைய கலவையைத் திருப்பிப் பாவிக்க வேண்டாம். பீட் மொஸ் (சதுப்பில மக்கின பாசி) கிடைச்சால் அது. இல்லாட்டித் தும்புத்தூளை நாலைஞ்சு தரம் நல்ல தண்ணியில ஊறவைச்சுப் பிழியுங்கோ. மணல் ஆத்து மணலே சரி, கடற்கரை மணல் கூடவே கூடாது. பொலித்தீனில பக்கவாட்டா, மண் மட்டத்துக்கு நாலு விரல் கீழ துளை போடுங்கோ. வாடை மழையில பாத்தி நிரம்பி வழியிறதோட உப்பும் கழுவுப்படும்.

தண்ணிக்குக் கூரைப் பீலியில பரல் வையுங்கோ. 10 சதுர மீற்றர் கூரையில 20 மில்லிமீற்றர் மழை பெய்தால் 200 லீற்றர். நுளம்பு வராமல் வலை கட்டி மூடுறது கட்டாயம். மழை வரும் மட்டும் ஆர்.ஓ. தண்ணி (மெசினில வடிச்சு உப்பு எடுத்த தண்ணி) வாங்கி விடுங்கோ. போத்தலில வாற மினரல் வோட்டர் வேண்டாம்.

மகளிட்டச் சொல்லுங்கோ, இறைச்சி வைக்க வேண்டாம் எண்டு. பொறிக்குள்ள இருக்கிற மயிர் 20 செக்கனுக்குள்ள இரண்டு தரம் தொடுபட்டால்தான் மூடும். மூடின பிறகும் உள்ள பூச்சி துடிச்சால்தான் செரிமானம் துவங்கும். இறைச்சி அசையாமல் கிடந்து அழுகும், பொறியும் சேர்ந்து அழுகும். வெளியில நிக்கிற செடி தனக்குத் தேவையானதைத் தானே பிடிக்கும்.

நுவரெலியா செடிக்காரன்:
அக்கா சொன்னது எல்லாம் சரி. இன்னொண்ணு இருக்குங்க. வீனஸுக்கு வருசத்துல மூணு, நாலு மாசம் குளிர் ஓய்வு வேணும். நம்ம பக்கம் தை மாசத்து ராத்திரி 10 பாகைக்குக் கீழ போயிரும், அதுவே போதும். உங்க ஊருல அது நடக்காது. ஓய்வு இல்லாம ஒண்ணு ரெண்டு வருசம் ஓடும், அப்புறம் சோர்ந்து செத்துரும். மார்கழியில கிளப்பி, ஈரப்பாசியில சுத்தி, பையில போட்டு பிரிட்ஜ் அடித்தட்டுல வைங்க. மாசத்துக்கு ஒரு தடவ பூஞ்சணம் பிடிச்சிருக்கான்னு பாருங்க.

மூதூர் அக்கா:
பாத்தியில நிரந்தரமா வைக்கிறதுக்கு எங்கட நாட்டு அழுகண்ணியைத்தான் நான் சொல்லுவன். ட்ரோசெரா பர்மானி, ட்ரோசெரா இண்டிகா இரண்டும் இலங்கையில இயற்கையா வளருற சண்டியூ. குளிர் கேக்காது, செடி செத்தாலும் விதையில இருந்து திரும்ப முளைக்கும். வயல் ஓரத்தில கண்டால் பிடுங்காமல் விதை மட்டும் எடுங்கோ. குடுவை வைக்கிற நெப்பந்தஸ் தென்மேற்கு ஈர வலயத்துக்காரர், கச்சானுக்கு வெளியில நிக்காது.

உவர்மலைத் தோட்டம்:
ஏழு கிழமைக்குப் பிறகு வந்திருக்கிறன். தட்டில வெள்ளை வளையம் தடிப்பா நிண்டது. எல்லாத்தையும் மாத்தி நட்டன். வீனஸில இரண்டு போயிட்டுது. மற்ற இரண்டிலயும் நடுவில பச்சைக் குருத்து வந்திருக்கு. நேற்று ஒரு பொறி எறும்பு பிடிச்சதெண்டு மகள் கூப்பிட்டுக் காட்டினா. மார்கழிக்குப் பிரிட்ஜில வைக்கேக்க இலையெல்லாம் வெட்ட வேணுமோ?

நுவரெலியா செடிக்காரன்:
கறுத்த இலைய மட்டும் வெட்டுங்க. அடியில இருக்குற கிழங்கு வெள்ளையா, இறுக்கமா இருந்தா அப்படியே சுத்தி வைங்க.