அறுகம்பை போனவர்களே, இன்னும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைச் சொல்லுங்கள்

வெள்ளவத்தைக்காரன்

நானே தொடங்குகிறேன். போன ஜூலையில் இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள அறுகம்பைக்குப் போய், பழகுகிறவர்கள் இறங்கும் பேபி பொயின்ட்டில் இரண்டு நாள் அலைச்சறுக்குப் பழகினேன். இடம் தெரிந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அடியில் மணல், இடுப்பளவு தண்ணீர், விழுந்தாலும் உயிர் போகாது. பழக்கியவன் உள்ளூர்ப் பொடியன், பத்தொன்பது இருபது வயதிருக்கும். "அப்! அப்! லுக் ஃபார்வட்!" என்று கத்திக்கொண்டே பின்னாலிருந்து தள்ளுவான். நானும் "ஓகே, ஓகே" என்பேன். இரண்டு நாளும் இப்படியே இங்கிலீஷில் ஓடியது.

இரண்டாம் நாள் மத்தியானம் எழுந்து நின்றேன். நின்றேன் என்றால் மூன்று செக்கன். அடுத்த செக்கன் போர்ட் திரும்பி வந்து மூக்கில் அடித்தது. "ஐயோ அம்மா!" என்று கத்திவிட்டேன்.

பொடியன் அப்படியே நின்றுவிட்டான். "அண்ணே, தமிழா நீங்க? ரெண்டு நாளா என்னத்துக்கு இங்கிலீஷ்ல கஷ்டப்பட்டீங்க? என்னையும் கஷ்டப்படுத்தி!"

இரண்டு பேரும் சிரித்தோம். மூக்கிலிருந்து ரத்தம் வேறு. அதற்குப் பிறகு அரை மணித்தியாலத்தில் அவன் சொல்லித்தந்தது, அதுவரை இரண்டு நாளாகச் சொல்லித்தந்ததை விடக் கூட. "கையை நெஞ்சுக்குக் கீழ வையுங்க, தண்டால் எடுக்கிற மாதிரி" என்றான். இதை யாராவது முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா?

கொழும்பிலிருந்து கிட்டத்தட்ட 320 கிலோமீட்டர் பஸ்ஸில் வந்து, தமிழ் பேசும் ஊரில் இறங்கி, வாயைத் திறந்ததும் எனக்கு ஏன் இங்கிலீஷ் வந்தது? அதுதான் போகவில்லை.

ஈசிஆர் அலைஞன்

நல்ல கதை. ஆனால் பேபி பாயிண்ட்டில் மூன்று நொடி நின்றதை எல்லாம் அனுபவம் என்று சொல்லக் கூடாது. 🙂

நான் சென்னை. கோவளத்தில் நாலு வருடமாக அலை ஏறுகிறேன். அந்தத் திமிரோடு மெயின் பாயிண்ட்டில் இறங்கினேன். இருபது பேருக்கு மேல் வரிசையில் காத்திருந்தார்கள். ஒரு நல்ல அலை வந்தது, எடுத்துவிட்டேன். பாதி வழியில் திரும்பிப் பார்த்தால், எனக்குப் பின்னால் உள்ளூர் ஆள் ஒருவர் அதே அலையில் வந்துகொண்டிருந்தார். நான் குறுக்கே விழுந்ததால் அவர் அலையை விட்டு விலக வேண்டியதாயிற்று. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. கையால் துழாவி வந்து என் பக்கத்தில் போர்டில் உட்கார்ந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஐந்து நிமிடம் சும்மா கடலைப் பார்த்தார். அப்புறம் போய்விட்டார். அடி வாங்கியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

சரி, புதிதாகப் போகிறவர்களுக்குச் சில விஷயம். காலம் மே முதல் செப்டம்பர் வரை, அக்டோபரில் ஓரளவு இருக்கும், அதன் பிறகு வாடைக்காற்றும் மழையும். காலை ஐந்தரைக்கே இறங்கிவிடுங்கள், வெயில் ஏறினால் காற்றும் ஏறும், அலை கலங்கிவிடும். மெயின் பாயிண்ட்டில் அடியில் பாறைத் திட்டு. கடல் வற்றும் நேரத்தில் முழங்கால் அளவு தண்ணீர்தான். அதில் கறுப்பு முள் உருண்டை மாதிரிக் கடல் முள்ளெலிகள் வேறு, காலில் ஏறினால் அன்றைய நாள் அவ்வளவுதான். ரப்பர் காலுறை எடுத்துப் போங்கள். அங்கே உள்ள பாயிண்ட் எல்லாமே வலது பக்கம் உடைகிறவை. இடது காலை முன்னால் வைத்து நிற்பவர்களுக்கு அலை முகத்துக்கு நேரே வரும், வலது காலை முன்னால் வைக்கிறவர்கள் முதுகைக் காட்டிக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். முறை யாருடையது என்பது முக்கியம்: அலை உடையும் முனைக்கு யார் அருகில் இருக்கிறாரோ அவருக்குத்தான் அலை. போர்டைக் காலோடு கட்டும் கயிற்றை இறங்கும் முன் இழுத்துப் பாருங்கள். வாடகை போர்டு என்றால் இரண்டு தடவை இழுத்துப் பாருங்கள். போர்டை வெயிலில் கவிழ்த்துப் போடாமல் விட்டால், கால் வழுக்காமல் இருக்கப் பூசிய மெழுகு உருகி வழியும். நீரோட்டம் இழுத்தால் கரையை நோக்கி நீந்தாதீர்கள், கரைக்கு இணையாக நீந்தி வெளியே வாருங்கள். கையில் காசு வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் எட்டு அடிக்குக் குறைந்த போர்டு வேண்டாம்.

மட்டுநகராள்

அலைஞன் அண்ணா, யாரும் கேட்காத கேள்விக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுதியதற்கு நன்றி. உங்கள் கதை ஒரு பந்தி, அறிவுரை அதை விட நீளம். முறை யாருடையது என்று எங்களுக்குச் சொல்லித்தருவது, அதை மீறினேன் என்று ஒரு பந்திக்கு முன்னால் எழுதிய அதே ஆள்!

என் விஷயத்துக்கு வருகிறேன். நான் அலையேறப் போகவில்லை, அம்மாவோடு சும்மா கடற்கரையில் இருந்தேன். அங்கே பெண்களுக்கென்று ஒரு சர்ஃப் குழு இருக்கிறது. 2018-இல் தொடங்கியது, நாட்டிலேயே முதலாவது. அதற்கு முன்னர் அந்த ஊரில் பெண்பிள்ளை போர்டைத் தூக்கினால் வீட்டில் என்ன நடக்கும் என்று கிழக்கு மாகாணத்தாருக்கு நான் சொல்லத் தேவையில்லை. "வெயிலில் கறுத்துப் போவாய், யார் கட்டுவான்?" அதுதான் முதல் கேள்வி.

அன்று ஒரு பெண் போர்டோடு வந்தாள். இடுப்பில் ஒரு வயதுக் குழந்தை. சுற்றிப் பார்த்தாள், நேராக என்னிடம் வந்தாள். "அக்கா, ஒருக்காப் பிடியுங்க, ஒரு அலை மட்டும்." நான் ஓம் சொல்வதற்கு முன்னரே பிள்ளை என் மடியில். பிள்ளைக்கு ஈரமான கை, என் சங்கிலியைப் பிடித்துக்கொண்டது. அழவில்லை. கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. தாய் எழுந்து நின்றதும் ஒரு சத்தம் போட்டது பாருங்கள், கோழி கொக்கரிக்கிற மாதிரி.

ஒரு அலை என்றவள் நாலு அலை எடுத்தாள். திரும்பி வந்து தலைமயிரைப் பிழிந்துவிட்டு, "சொறி அக்கா, நல்லா வந்திச்சு, விட மனசில்லை" என்றாள்.

அம்மா வழி முழுக்கப் பேசாமல் வந்தார். அக்கரைப்பற்று தாண்டின பிறகு, "நானும் ஒரு காலத்தில் நல்லா நீந்தினனான்" என்றார். எனக்கு முப்பத்திரண்டு வயது. அம்மா நீந்துவார் என்பதை அன்றுதான் கேள்விப்படுகிறேன்.

இரண்டு பிள்ளை அப்பா

அலை பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. மனைவியும் பிள்ளைகளும் சூரியன் மறைவதைப் பார்க்க வேண்டும் என்றதால் எலிஃபண்ட் ரொக் போனோம். பாறையில் ஏறி, படம் எடுத்து, இறங்கும்போது இருட்டிவிட்டது. களப்பு கடலோடு சேரும் இடத்தில் கணுக்கால் தண்ணீர், வரும்போது அதைக் கடந்துதான் வந்தோம். சின்னவள் செருப்பில் மணல் என்று அந்தத் தண்ணீர் ஓரத்தில் குந்திக் கழுவத் தொடங்கினாள்.

எங்களைத் தேடி வந்த ஆட்டோக்காரர் தூரத்தில் நின்று, சத்தம் போடாமல், "பிள்ளையைத் தூக்குங்க" என்றார். அவ்வளவுதான். தூக்கினேன். பிறகுதான் டோர்ச் அடித்துக் காட்டினார். களப்புக்குள், ஒரு இருபது அடி தள்ளி, இரண்டு சிவப்புப் பொட்டு. அசையவே இல்லை.

2017-இல் இந்தப் பக்கத்துக் களப்பு ஒன்றில் கை கழுவப் போன பிரித்தானியப் பத்திரிகையாளர் ஒருவரை முதலை இழுத்துப் போனது என்று திரும்பும் வழியில்தான் சொன்னார். முதலில் சொல்லியிருக்கலாமே என்றேன். "சொன்னா யாரும் ஆட்டோல ஏறமாட்டாங்க சேர்."

மகள் இன்றைக்கும் செருப்பு வாசலில்தான் கழுவுகிறாள். நான் பக்கத்தில் போய் நிற்கிறேன். குழாய்த் தண்ணீருக்கு!

ஈசிஆர் அலைஞன்

மட்டுநகராள், திட்டு வாங்கிக்கொண்டேன். ஆனால் அப்பா சொன்னதற்கு ஒன்று மட்டும்: களப்பு ஓரத்தில் பொழுது சாய்ந்த பிறகு நிற்கவே

மட்டுநகராள்

அண்ணா, போதும்.

உல்லையூரான்

எல்லாரும் எழுதியதைப் படித்தேன். ஊர்க்காரன் என்ற முறையில் நானும் எழுதுகிறேன். எங்களுக்கு இது உல்லை. அறுகம்பை என்று பெயர்ப்பலகையில் எழுதுகிறோம், வாயில் வருவது உல்லைதான்.

வெள்ளவத்தைத் தம்பி, எங்கள் பொடியன்களும் ஆளைப் பார்த்ததும் இங்கிலீஷில்தான் தொடங்குவார்கள். குறை உங்களுடையது மட்டும் இல்லை. இப்போது ஹீப்ரு தெரிந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள், இஸ்ரேல்காரர் வருகிறார்கள், வியாபாரம் அப்படி.

நான் சொல்ல வந்தது 2024 ஒக்டோபர். அமெரிக்கத் தூதரகம், தாக்குதல் நடக்கலாம், அறுகம்பைக்குப் போகாதீர்கள் என்று எச்சரிக்கை விட்ட கிழமை. அதற்கு முதல் நாள் வரை என் சாப்பாட்டுக் கடையில் மேசை கிடைக்காது. மறுநாள் ரோட்டில் பொலிஸும் ஆமியும் மட்டும். சுனாமி வந்த வருடம் எனக்குப் பதினான்கு வயது, அப்போது ஊர் இல்லாமல் போனது. இது வேறு மாதிரி. ஊர் அப்படியே இருக்கிறது, லைட் எரிகிறது, பாட்டுக்கூடப் போகிறது, ஆள் இல்லை.

இரவு எட்டரைக்கு ஒரே ஒரு வெள்ளைக்காரக் கிழவர் வந்து கொத்து கேட்டார். போட்டேன். கொத்துத் தகட்டில் தட்டுகிற சத்தம் எப்போதும் மற்றக் கடைச் சத்தத்தோடு கலந்துவிடும். அன்று ரோட்டின் அந்தத் தொங்கல் வரைக்கும் நான் தட்டுகிறது மட்டும்தான் கேட்டது. எனக்கே வெட்கமாகிவிட்டது. மெதுவாகத் தட்டினேன். கிழவர் நிமிர்ந்து பார்த்து, ஏன் நிறுத்தினாய் என்று கையால் கேட்டார்.

திரும்பவும் தட்டினேன். ரொட்டி தூளாகிற வரைக்கும் தட்டினேன். அவர் முழுதும் சாப்பிட்டார்.

இப்போது சீசனுக்கு ஆள் வருகிறது. நவம்பரில் வாருங்கள் என்று கூப்பிட மாட்டேன், மழை. ஆனால் பாணமைப் பக்கம் பின்னேரம் யானை பார்க்க யாராவது கேட்டால், ஆட்டோவில் போங்கள், மோட்டார் சைக்கிளில் வேண்டாம்.

ஸ்காபரோ சந்நிதியான்

எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன்.

கனடாவில் இருந்து போயிருந்தேன். உகந்தையில் முருகன் கோயிலுக்குப் பக்கத்திலேயே அலை இருக்கிறது என்று சொன்னார்கள், கூட்டமும் இல்லை என்றார்கள். போன நேரம் கதிர்காமப் பாதயாத்திரை. கூமுனைக் காட்டுப் பாதை திறக்கும் வரைக்கும் சனம் உகந்தையில் வந்து காத்திருக்கும், தெரியும்தானே. எனக்குத் தெரியாது. அதாவது தெரியும், அந்தக் கிழமைதான் என்று தெரியாது.

கை உளைந்ததால் போர்ட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். மஞ்சள் துணி உறை போட்டது. மரத்தடியில் இருந்த ஒரு ஆச்சி எழுந்து வந்தார். காலில் செருப்பில்லை, குதி வெடித்திருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து நடந்து வந்தவர், அங்கே செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் வேல் எடுத்த கூட்டத்தோடு. தலையில் இருந்ததை நிமிர்ந்து பார்த்தார்.

"இது என்ன காவடி, தம்பி?"

சர்ஃப் போர்ட் என்று எப்படிச் சொல்வது? கடலில் விளையாடுகிற பலகை என்றா? ஐம்பது நாளுக்குக் கிட்ட நடந்து வந்த மனுசியிடம்?

"ஓம் ஆச்சி" என்று சொல்லிப்போட்டேன்.

அவர் கையை எட்டி உறையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார். இடுப்பு முடிச்சை அவிழ்த்து விபூதி எடுத்தார். என் நெற்றியில் பூசி, மிச்சத்தை உறையில் தடவினார். "நல்லாக் கொண்டுபோய்ச் சேர், மோனை. பாரமோ?" என்று கேட்டார். பாரமில்லை என்றேன். அது மட்டும் உண்மை.

என் அப்பம்மா சந்நிதியிலிருந்து நடக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே, நடக்காமல் போய்ச் சேர்ந்தவர். அவர் கேட்டிருந்தாலும் நான் இதைத்தான் சொல்லியிருப்பேனா தெரியாது.

அன்று கடலில் இறங்கினேன். நாலு அலை எடுத்தேன். ஒன்றிலும் எழும்பவில்லை.

ஈசிஆர் அலைஞன்

மன்னிக்கவும், கேட்காமல் இருக்க முடியவில்லை. போர்டு எத்தனை அடி? உகந்தை அலைக்கு ஏழுக்குக் கீழே என்றால் எழும்புவது கஷ்டம்தான். உறையை உப்புத் தண்ணீர் பட்டதும் நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள், இல்லாவிட்டால் ஜிப் துருப்பிடிக்கும்.

ஸ்காபரோ சந்நிதியான்

ஏழரை அடி, தம்பி. ஜிப் துருப்பிடித்துவிட்டது. உறையை இன்னும் தோய்க்கவில்லை.